சோறு வைக்கலாமா, அண்ணி?

அண்ணி,

இன்று காலை காராமணி வெந்து குக்கர் மூடியைத் திறந்ததும் ஆவியோடு சீரக வாசனை முகத்தில் அடித்தது. பழக்கதோஷம், இடது பக்கம் திரும்பி, "சோறு வடிச்சுடட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். வம்புக்கு இழுக்கத்தான் கேட்டேன். "வடிச்சு நீயே துண்ணு" என்று நீங்கள் சொல்லவில்லை. நீங்கள் நிற்கிற இடத்தில் வெங்காயக் கூடைதான் இருந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கு உங்களுக்குப் படையல் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் காராமணியே வேக வைத்தேன். வாய்க்குத்தான் இன்னும் தெரியவில்லை.

இப்போது படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டு, ஆளுக்கொரு மூலையில் கண்ணயர்ந்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் கூடத்தில் உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். உங்கள் இலைக்கு முன்னால் இன்று ஒரு சண்டை நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் உங்களுக்கு ருசிக்காது. எதையும் முதலிலிருந்து கேட்டால்தான் உங்களுக்குத் திருப்தி. முதலிலிருந்தே வருகிறேன்.

விழுப்புரத்து வீட்டிலிருந்து ஒரு பையோடு நான் திண்டிவனம் வந்து இறங்கியபோது உங்கள் வீட்டில் எனக்கு எத்தனை நாள் இடம் இருக்கும் என்று தெரியாது. என்னைக் கட்டிக்கொண்டவர் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. அந்த வீட்டில் நான் ஒரு ஆளாகவே இல்லை, அவ்வளவுதான். குழம்புக்கு உப்புப் போதுமா என்றுகூட அங்கே யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் ஏதாவது சொன்னால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்; நான் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு அண்ணன் வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

அண்ணன் வீட்டில் ராஜ உபசாரம்தான். குறையே சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். நான் இட்லி என்றால் இட்லி. ஜன்னலைச் சாத்தலாம் என்றால் சாத்தினார்கள், திறக்கலாம் என்றால் திறந்தார்கள். "உனக்கு எது புடிக்குதோ அப்பிடியே செய் பாப்பா" என்பதைத் தவிர அண்ணன் வாயில் வேறு வார்த்தை இல்லை. அக்கம்பக்கத்தார் குரலைத் தணித்துக்கொண்டு, "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினார்கள். வாழாமல் வந்த பெண்ணிடம் யார்தான் மல்லுக்கு நிற்பார்கள்? விழுப்புரத்தில் என் பேச்சுக்கு மதிப்பு இல்லை. இங்கே என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. நான் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

நீங்கள் ஒருத்திதான் குரலைத் தணிக்கவில்லை. அப்போதுதான் நீங்கள் சென்னைப் பக்கம் பெரிய கம்பெனி ஒன்றின் கேன்டீன் வேலையை விட்டிருந்தீர்கள். காலை ரயிலுக்கு ஓடி ஓடி முழங்கால் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சின்னக் கடையை வாடகைக்குப் பிடித்தீர்கள். அந்தக் கேன்டீனில் புரிட்டோ என்கிற மெக்சிகோ நாட்டுச் சப்பாத்திச் சுருளைச் சுற்றுவதுதான் உங்கள் வேலை. அதையே திண்டிவனத்தில் விற்கப்போகிறேன் என்றபோது ஊரே சிரித்தது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு காலையில் வந்து நின்றீர்கள். "அது என்னா, சுவரு உங்கிட்ட பேசுதா? எழுந்து வா, வெங்காயம் அரியணும்" என்றீர்கள். உதவிக்கு வா என்று கெஞ்சவில்லை, மனசு மாறும் வா என்று தேற்றவில்லை. வெங்காயம் அரிய வேண்டும், அதற்கு ஒரு கை வேண்டும். நான் எழுந்து வந்தேன்.

கடை திறப்பதற்கு முன்னால் முதல் புரிட்டோவை எனக்குத்தான் கொடுத்தீர்கள். பெரிய மெல்லிய சப்பாத்தி, உள்ளே மசித்த காராமணி, வதக்கிய வெங்காயம், குடைமிளகாய், சீஸ், அதற்கு மேல் வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்த உங்கள் மல்லாட்டைச் சட்னி. நாலு பக்கமும் மடித்து, சுருட்டி, கல்லில் போட்டு முறுகலாக எடுத்தீர்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து நின்றீர்கள்.

"எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குது அண்ணி."

"ஊருக்கெல்லாம் சொல்ற பதில எனக்கும் சொல்லாத. என்னா குறை, அதச் சொல்லு."

குறை சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "சோறு இல்ல" என்றேன் கடைசியில். "உள்ள கொஞ்சம் சோறு வெச்சிருக்கலாம்."

உங்கள் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "சப்பாத்திக்குள்ள சோறா? அது என்னா, கல்யாணப் பந்தியில மிச்சத்தச் சுருட்டிக்கினு வந்த பொட்டலமா?" என்று கத்தினீர்கள். நான் பயந்து, "உங்க இஷ்டம் அண்ணி" என்றேன். அதற்குத்தான் உங்களுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "என் இஷ்டம்னு ஏன் பின்வாங்கற? ஏன் சோறு வெக்கணும்னு சொல்லு. சொல்லிட்டு அப்பறம் தோத்துப் போ."

சொன்னேன். நம்ம ஊரில் ஒருவரைப் பார்த்து "சாப்ட்டியா" என்று கேட்டால் சோற்றைத்தான் கேட்கிறோம், மற்றதெல்லாம் டிபன் கணக்கில்தான் சேரும் என்றேன். காலை ரயில் பிடிக்கிறவர் இதை மத்தியானம் சாப்பிட்டால் சாயங்காலம் வரை தாங்க வேண்டாமா என்றேன். நீங்கள் விடவில்லை. காராமணி மசிந்து மெத்தென்று இருக்கிறது, மல்லாட்டை நறநறக்கிறது, நடுவில் சோறு வந்தால் இரண்டும் செத்துவிடும் என்றீர்கள். கேன்டீன் செஃப் சோறு வைப்பாரா மாட்டாரா என்று நான் மடக்கினேன். "வெச்சுத்தான் சுத்துவாரு. அவரு பண்றது தப்பு" என்றீர்கள் கொஞ்சமும் அசராமல்.

அன்றைக்குத் தொடங்கியது. கடைக்குப் போகிற வழியில் சண்டை, மாவு பிசையும்போது சண்டை, பாத்திரம் கழுவும்போது சண்டை. தாங்க முடியாமல் போனபோது இரண்டு பேரும் அண்ணனைப் பஞ்சாயத்துக்கு இழுத்தோம். அவர் இதில் ஒரு கடி, அதில் ஒரு கடி கடித்துவிட்டு, "ரெண்டுமே நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டார். "உங்க அண்ணன நம்பினா வேலைக்கு ஆவாது, நாமளே அடிச்சுக்கினு ஒரு முடிவுக்கு வர வேண்டியதுதான்" என்றீர்கள். நான் சிரித்தேன். திண்டிவனம் வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒரு நாள் கேட்டேன். எல்லோரும் என்னிடம் விட்டுக்கொடுத்துப் போகிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் அண்ணி இப்படிப் பாய்கிறீர்கள் என்று. நீங்கள் உருட்டுக் கட்டையை நிறுத்தவே இல்லை. "எனக்குக் கொழந்த இல்லன்னு இந்த ஊரு எத்தினி வருஷமா எங்கிட்ட மெதுவாப் பேசிக்கினு இருக்குது தெரியுமா? பாவம், அவகிட்ட என்னாத்துக்கு வம்புன்னு வுட்டுக் குடுக்கறாங்க. எனக்கு அது புடிக்கல. உனக்கு மட்டும் எப்பிடிப் புடிக்கும்?" என்றீர்கள். அதோடு, "மாவு காயுது, ஜல்தி சுத்து" என்று அதட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சுற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்ததை வெங்காயத்தின் தலையில் போட்டுவிட்டேன்.

கடைசியில், சரி, கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்போம் என்று இறங்கி வந்தீர்கள். எலுமிச்சையும் கொத்தமல்லியும் போட்டுக் கிளறிய சோறு, ஒரு கைப்பிடி. சீசன் டிக்கெட்காரர் ஒருவர் மறுநாளே வந்து, "நேத்து துண்ணது சாயங்காலம் வரைக்கும் தாங்குச்சுங்க" என்று இன்னொன்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தண்ணீர்ப் பானையைப் பார்த்தீர்கள். அதற்கப்புறம் சோறு வைத்தது வேகமாகப் போயிற்று. காலையில் எழுந்ததும் நீங்களே சோறு வடித்து ஆறப் போடுகிற அளவுக்குப் போனது. "வெக்கக் கூடாது, வெக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டேதான் வடித்தீர்கள்.

அப்புறம் வந்தது ஆடிக் கிருத்திகை. அண்ணி, அந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மயிலம் முருகன் மலைக்குப் போகிற கூட்டமெல்லாம் திண்டிவனத்தில் பஸ் மாறும், இன்றைக்கு நல்ல வியாபாரம் என்று விடியும்போதே சுற்ற ஆரம்பித்தோம். நீங்களும் விரதம். விரதக்காரர்கள் வாங்குவார்கள், வெங்காயம் ஆகாது என்று நீங்கள்தான் ஞாபகமாகச் சொன்னீர்கள். வெங்காயத்தை விலக்கிவிட்டு, பூசணியைத் துருவிப் போட்டோம். பாத்திரத்தைக்கூடக் கழுவிப் பொட்டு வைத்தோம். கூடை நிறையச் சுற்றி அடுக்கிய பிறகு, காவிப் புடவை கட்டிய ஒரு அம்மா வந்து, "விரதத்துக்கு ஆவுமாங்க? அரிசி கிரிசி இல்லியே?" என்று கேட்டார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். விரதமென்றால் முதலில் தள்ள வேண்டியதே சோறுதான். அதைக் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நீங்களே ஒவ்வொன்றிலும் கைப்பிடி கைப்பிடியாக வைத்திருக்கிறீர்கள். வெங்காயத்தை விலக்கத் தெரிந்த இரண்டு பேருக்கும் சோறு ஞாபகத்துக்கே வரவில்லை. உள்ளே சோறு என்றதும், கேட்டவர்கள் எல்லோரும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கடை போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. சோறு வைக்கச் சொன்னவள் நான்தானே. இப்போது சொல்வீர்கள், "அப்பவே சொன்னேன் இல்ல" என்று. சொன்னால் தாங்க மாட்டேன் என்றிருந்தது. நீங்கள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்து, "பூட்டைப் போடு. மயிலம் போறோம்" என்றீர்கள், அவ்வளவுதான்.

மலையிலிருந்து இறங்கி வருகிற வழியில் கூடையை வைத்தீர்கள். ஏறுகிறவர்களிடம் பேச்சே இல்லை. இறங்குகிறவர்களிடம் மட்டும், "சாமி பாத்தாச்சா? விரதம் வுட்டவங்க வாங்க. உள்ள சோறு வெச்சது, நல்லா வயிறு ரொம்பும்" என்று கூவினீர்கள். மொட்டை போட்ட குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி நின்றாள். "சப்பாத்திக்குள்ள சோறா? என்னாத்துக்குங்க?" என்றாள். நீங்கள் கேட்ட அதே கேள்வி. நான் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னாத்துக்கா? விடிஞ்சதுல இருந்து பட்டினியா இருந்துட்டு வெறும் சப்பாத்தியத் துண்ணா பஸ் ஏறத் தெம்பு இருக்குமா? சோறு இருந்தாத்தான் சாப்பாடு. மத்ததெல்லாம் டிபன். எங்க வூட்டுப் பாப்பா சொல்லித்தான் வெச்சோம். அவ சொன்னா சரியா இருக்கும்" என்றீர்கள்.

நான் உங்களிடம் சொல்லிச் சொல்லித் தோற்ற வாதத்தையெல்லாம் ஒன்று விடாமல் நீங்கள் ஊராரிடம் சொன்னீர்கள். விரதம் விட்டவர்கள் வாங்கினார்கள், விடாதவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக் கட்டிக்கொண்டு போனார்கள். கூடை காலியானது. நீங்கள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அப்ப ஒத்துக்கினீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"எத?"

"சோறு வெக்கலாம்னு."

"யாரு சொன்னா? வெக்கக் கூடாது. அது வூட்டுச் சண்டை, வூட்டுல போட்டுக்கலாம். வெளியில நீ சொன்னதுதான் நான் சொன்னது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பசி மயக்கத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கியும் போனீர்கள். எனக்காக வெளியே பேச ஒரு ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திண்டிவனம் வரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

விழுப்புரத்துப் பெரியம்மா வந்தது அதற்குப் பிறகுதான். என் புகுந்த வீட்டுத் தெருவிலேயே இருக்கிறவர், அவர்கள் அனுப்பித்தான் வந்தார். "கூப்புடறாங்கம்மா. பழசெல்லாம் கிளறாம, வாயத் தொறக்காம வந்து இருந்தாப் போதும்னு சொல்றாங்க" என்றார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "உன் இஷ்டம் பாப்பா" என்றார். நீங்கள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"போறதும் இருக்கறதும் நீ முடிவு பண்ணு. நான் போகாதன்னும் சொல்ல மாட்டேன், போன்னும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க போயி, சோறு வெக்கணுமா வேணாமான்னு யார்கிட்ட சண்டை போடுவ?"

அந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஒரு முகமும் தேறவில்லை. "போகல பெரியம்மா" என்றேன். உங்களைத் தவிர வேறு ஒருவர் முகத்துக்கு நேராக நான் சொன்ன முதல் மறுப்பு அதுதான். பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. "அண்ணி பேச்சக் கேட்டுக்கினு ஆடற" என்றார்.

"எம் பேச்ச இவ என்னிக்குக் கேட்டா? கேட்டிருந்தா புரிட்டோவுல சோறு இருக்குமா?" என்றீர்கள் நீங்கள். அண்ணனுக்கு அடக்க மாட்டாமல் சிரிப்பு வந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு விதமாகவும் சுற்றினோம். வருகிறவரிடம், "சோறு வெச்சதா, வெக்காததா?" என்று நான் கேட்பேன். "வெக்காதது நல்லா இருக்கும்" என்று நீங்கள் பின்னாலிருந்து குரல் கொடுப்பீர்கள். இதைக் கேட்கவே சில பேர் வந்தார்கள். கடைப் போர்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுத வைத்தீர்கள். அதற்கு நான் உங்களுக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "மாவு காயுது" என்றிருப்பீர்கள்.

பிறகு ஒரு காலையில் நெஞ்சைப் பிசைகிறது என்று உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதே எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி இன்றைக்கு அதிகம் எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீங்கள் போன மறுநாளிலிருந்து எல்லோரும் மறுபடி என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடையை மூடலாமா என்றேன், "மூடிடும்மா" என்றார்கள். நடத்தலாமா என்றேன், "நடத்தும்மா" என்றார்கள். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. இரண்டு விதமாகவும் சுற்றிக் கடையை நடத்தினேன். எதை விற்றாலும் எதிர்த்துப் பேச ஆளில்லாமல் ஒரு வருஷம் ஓடியது.

இன்று மத்தியானம் உங்கள் இலையில் சோறு, வடை, பாயசம், நீங்கள் விரும்பிச் சாப்பிடுகிற கேப்பை அடை எல்லாம் வைத்தோம். நான் கடைசியாகப் புரிட்டோவைச் சுற்ற உட்கார்ந்தேன். பெரியம்மா எட்டிப் பார்த்து, "இலையில சோறு மலையா இருக்குது. ரெண்டு கை எடுத்து உள்ள வெச்சுச் சுத்து. செத்தவங்களுக்கு வெறுமனே படைக்கக் கூடாது" என்றார்.

"வேணாம் பெரியம்மா. அண்ணிக்குப் புடிக்காது."

அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார். "சோறு வெச்சே சுத்து பாப்பா. அதுதான் ருசி. எனக்கு எப்பவுமே சோறு வெச்சதுதான் புடிக்கும்."

நான் சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "எப்பவுமேவா? அவங்க உயிரோட இருக்கறப்ப ஒரு நாளாவது இதச் சொன்னியா? எத்தினி நாளு தனியா நின்னு கத்தியிருப்பேன்?"

"நீங்க ரெண்டு பேரும் கத்தறப்ப நடுவுல வர எனக்குப் பயம்" என்றார். "இப்ப சொல்றேன் இல்ல. சோறு வை."

"வெக்க மாட்டேன்."

"எம் பொண்டாட்டிக்குப் படைக்கறது. நான் சொல்றேன், வை."

"உம் பொண்டாட்டிதான், ஆனா இது எங்க அண்ணி இலை. காராமணி மெத்துனு இருக்கும், மல்லாட்டை நறநறன்னு இருக்கும், நடுவுல சோறு வந்தா ரெண்டும் செத்துப்பூடும். உனக்கு வோணும்னா அப்பறம் தனியா சுத்தித் தரேன். இதுக்குள்ள ஒரு பருக்க போகாது."

அண்ணனும் விடவில்லை, குரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். ஒரு கட்டத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். "அப்பிடியே அவளாட்டமே பேசற" என்றார், அப்புறம் அழுதார். இந்த ஒரு வருஷத்தில் அவர் எங்கள் எதிரே அழுதது இதுதான் முதல் தடவை. நான் அழவில்லை. சோறு வைக்காமல் சுற்றி, கல்லில் முறுக விட்டு, உங்கள் இலையில் வைத்தேன்.

உங்களுக்காக வெளியாட்கள் எதிரே பேச எனக்கு ஒரு வாய் இருக்கிறது, அண்ணி. அதைக் கொடுத்தது நீங்கள். நன்றி என்ற வார்த்தையை நேரில் சொல்ல நீங்கள் விட்டதில்லை. இப்போது தடுக்க முடியாது, அதனால் சொல்லிவிட்டேன்.

நாளைக்குக் கடை திறக்கிறேன். சோறு வைத்தும் சுற்றுவேன். வெளியில் யார் கேட்டாலும் நீங்கள் சொன்னதுதான் சரி என்பேன். ஆனால் இது நம் வீட்டுச் சண்டை. நமக்குள்ளே சொல்கிறேன், சோறு வைக்கத்தான் வேண்டும்.